நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்

உங்களுக்கும் சுகருக்கு ரெண்டாவது ரத்தம் எடுக்கணுமா? எத்தனை மணிக்குச் சாப்பிட்டிய? ஏழே முக்காலா? அப்ப ஒன்பதே முக்கால் வரைக்கும் இருக்கணும். எனக்கு ஒன்பதரை. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரம்தான். ஒரு நிமிஷம் முந்திப் போய் கையை நீட்டினாலும் இந்த லேப் பிள்ளை திருப்பி அனுப்பிரும். நான் போன மாசம் கேட்டுப் பாத்துட்டேன்.

என்ன சாப்பிட்டிய? இட்லியா? நாலா? ரெண்டோட நிறுத்தியிருக்கலாம். சரி, அது உங்க இஷ்டம். நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன்.

உங்களுக்கு அறுபத்தஞ்சு இருக்குமா? அப்ப அக்கான்னு கூப்பிடுதேன். எனக்கு அறுபத்திரெண்டு. பேரு தொற்காள். சிரிச்சிராதிய, அது வேதத்துல இருக்கிற பேரு, எங்கப்பா வச்சது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தேன். அங்க இருந்த சூப்பர்வைசருக்கு வாயில நுழையலை, கடைசி வரைக்கும் துர்க்கான்னுதான் கூப்பிட்டார். நான் திருத்தலை. அதுவும் சாமி பேருதானே, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீங்க எந்த மார்க்கம்னு கூட நான் கேக்க மாட்டேன் பாருங்க. கேக்கவே கூடாது. நெத்தியைப் பாத்தாத் தெரியுது, அது வேற விஷயம்.

நான் இப்படித் தொறந்த மனசா இருக்கேன்னா சும்மா வந்துடலை அக்கா. நான் வளந்த வீடு அப்படி. எங்கப்பா நாசரேத்துப் பக்கம் ஒரு சபையில மூப்பர், அதை நடத்துத பெரியவங்கள்ல ஒருத்தர். சபைன்னா நீங்க நினைக்கிற மாதிரி மணியும் அலங்காரமுமா இருக்கிற கோயில் இல்லை. வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி, வெறுங்காது, வெறுங்கழுத்து. பூ கிடையாது. சினிமா கிடையாது. ஊர்ல அம்மன் கோயில் கொடை வந்தா நாலு நாளும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திருவாவ, மேளச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னு. விழாம இருக்குமா? நான் போர்வைக்குள்ள கால்விரலால தாளம் போட்டிருக்கேன். காலையில அஞ்சரைக்கு எழுப்பிருவாவ. எந்திரிக்கலைன்னா வேப்பங்குச்சி. நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, பொய் கிடையாது. ஆனா வீட்டுல நாங்க மூச்சு விடுததுக்குக் கூட ஒரு முறை உண்டு.

வேலை கிடைச்ச மொத மாசமே நான் காது குத்திக்கிட்டேன். இருபத்திமூணு வயசுல. அப்பா பாத்துட்டு எழுந்து உள்ள போயிட்டாவ. அன்னைக்கு முடிவு பண்ணினேன். எனக்குன்னு ஒரு பிள்ளை பிறந்தா அதை நான் எதுலயும் கட்டிப் போட மாட்டேன். அது எந்தக் கடவுளை வேணும்னாலும் கும்பிடட்டும், கும்பிடாமக் கூடப் போகட்டும்.

எங்க வீட்டுக்காரர் பேரு ஞானதுரை. சி.எஸ்.ஐ. கோயில்ல பாடகர் குழுவுல பாடுவாவ. கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் விடச் சொன்னேன். ஒரே கோயில்ல ஒரே பாட்டைப் பாடிக்கிட்டிருந்தா மனசு எப்படி விரியும்? அவியளுக்கும் அது புரிஞ்சுது. புரிஞ்சுதுன்னுதான் நினைக்கேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்ட்டு வருவாவ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த பிறகு கேட்டைத் தொறக்கக் கொஞ்சம் தாமதம் பண்ணுவேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. பூங்கொடின்னு பேரு வச்சேன். பாருங்க, எங்க வீட்டுல பூவே கூடாதுன்னாவல்லா, அதான் பிள்ளைக்குப் பேரே பூங்கொடி. எங்கப்பா அவளை 'பிள்ளை'ன்னுதான் கூப்பிடுவாவ, பேரைச் சொன்னது கிடையாது. மூணு வயசுல காது குத்தினேன். வீல் வீல்னு கத்தினா. நான் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டேன், எங்க வீட்டுக்காரர் தெருவுக்குப் போயிட்டாவ. இதெல்லாம் ஒரு நிமிஷ வலிதான். பிறகு ஆயுசு பூராவும் சுதந்திரம் பாருங்க.

அவளை எப்படி வளத்தேன்னு சொல்லுதேன், கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில அஞ்சரைக்கு எழுப்பிருவேன். மாசத்துல மொத வாரம் கோவில், ரெண்டாவது வாரம் தர்கா, மூணாவது வாரம் மாதா கோயில், நாலாவது வாரம் ஒரு தியான மண்டபம் இருக்கு ஆத்துப் பக்கம், அங்க. அஞ்சாவது ஞாயிறு வந்தா லீவு. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுல ஒரு பக்கம் எழுதணும், அங்க போனப்ப மனசுல என்ன பட்டுதுன்னு. என்ன வேணும்னாலும் எழுதுட்டின்னு சொல்லுவேன். ஒரு தடவை 'தூக்கம் வந்துச்சு'ன்னு எழுதியிருந்தா. திரும்ப எழுதச் சொன்னேன். எனக்குத் தூக்கம்தானம்மா வந்துச்சுன்னா. தூக்கம் வந்தா அதுக்குப் பின்னால ஒரு உணர்ச்சி இருக்கும், அதை எழுதுன்னேன். ராத்திரி சாப்பாடு நேரம் வரைக்கும் உக்காந்து எழுதினா. ஸ்கூலுக்குப் பொட்டு வச்சு அனுப்புவேன். மத்த கிறிஸ்தவப் பிள்ளைங்க சிரிக்குன்னு வழியில அழிச்சிருவா. பொட்டு டப்பாவைப் பையில வச்சு, ஸ்கூல் வாசல்ல நின்னு நானே வச்சு விட்டுட்டு ஆபீசுக்குப் போவேன். ஒரு நாள் கூட நான் கை நீட்டினது கிடையாது அக்கா. எங்கப்பா மாதிரி குச்சி எடுத்தது கிடையாது. பேச மாட்டேன், அவ்வளவுதான். ஒரு தடவை பதினோரு நாள் பேசலை. அவளே வழிக்கு வந்துட்டா.

சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல ஒரு கூட்டம் வச்சிருந்தேன். யார் வேணும்னாலும் வரலாம், எப்படி வேணும்னாலும் ஜெபம் பண்ணலாம். ஆரம்பத்துல ஏழு பேர் இருந்தோம். ஒரு சைவப் பிள்ளைமார் வீட்டு அம்மா, ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சாகிபு, எங்க தெரு சி.எஸ்.ஐ. அக்கா ஒருத்தி, இப்படி. அந்த அம்மா விபூதி பூசிக்கிட்டு வருவா. நான் தன்மையாச் சொன்னேன், இங்க எல்லாரும் ஒண்ணு, நெத்தியில அடையாளம் வேண்டாமேன்னு. சி.எஸ்.ஐ. அக்கா ஜெபம் முடிக்கும்போது இயேசுவின் நாமத்துலன்னு முடிப்பா. அதையும் விடச் சொன்னேன், மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? சாகிபு நடுவுல எழுந்து தொழப் போவார், அது கூட்டத்துக்கு மரியாதை இல்லைன்னேன். ஒவ்வொருத்தரா வாரதை நிறுத்திட்டாங்க. இப்ப நானும் எங்க வீட்டுக்காரரும்தான். அவிய பாதியில தூங்கிருவாவ. எல்லா மார்க்கத்தையும் ஒண்ணாப் பாக்குத பக்குவம் நம்ம ஆளுங்களுக்கு வரலை அக்கா, என்ன சொல்ல.

ஃபேன் காத்து வருதா? தள்ளி உக்காருங்க. ம்.

பூங்கொடி பிசியோதெரபி படிச்சா. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. அஞ்சு வருஷத்துக்கு முந்தி எங்கப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாவ. அப்ப எண்பத்தி நாலு, எண்பத்தஞ்சு வயசிருக்கும். எலும்பு ஒண்ணும் ஒடியலை, ஆனா நடக்க முடியலை. எனக்குத் தெரிஞ்சு அந்தச் சபையில ஊசி மாத்திரை கூடாது, ஆனா உடற்பயிற்சி மருந்து இல்லைல்லா, அதைப் பண்ணலாம். என் தம்பி சம்சாரம் போன் பண்ணினா. எனக்கு அந்த வீட்டுப் படி ஏறப் பிடிக்காது. நான் பிள்ளையை அனுப்பினேன். நீ போய்ட்டு வாட்டி, தாத்தாவை நடக்க வச்சிட்டு வான்னு. நானேதான் அனுப்பினேன் அக்கா. லீவு நாள்ல எல்லாம் நாகர்கோவில்லருந்து பஸ் ஏறிப் போய்ப் பாத்தா. நாலு மாசத்துல கிழவர் கம்பை ஊனிக்கிட்டு நடந்துட்டாவ.

அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தா. கரும்பை வெட்டிக்கிட்டே நிமிந்து பாக்கேன், காதுல ஒண்ணும் இல்லை. ஓட்டை மட்டும் இருக்கு. எங்கட்டி தோடுன்னேன். பைக்குள்ள இருக்குன்னு எடுத்து, ஒரு பஞ்சுல சுத்தி, என் கையில கொடுத்தா. வெள்ளைச் சேலை எல்லாம் இல்லை, சாதாரணமா ஒரு நீலச் சுடிதார்தான். நான் தாத்தா சபைக்குப் போயிட்டிருக்கேம்மா, ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்கேன்னா.

நான் கத்தலை. தன்மையாத்தான் கேட்டேன். நாலு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேனேட்டி, உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் காட்டினேனே, எல்லாத்தையும் விட்டுட்டுப் போயும் போயும் அந்த இருட்டு ரூமுக்குள்ளயா போவன்னேன். அவ சொன்னா, தாத்தா காலையில எந்திரிச்சு ஒரு மணி நேரம் முழங்கால்ல இருக்காவம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்காவ, நானும் பக்கத்துல இருந்தேன், யாரும் என்கிட்ட என்ன தோணுச்சுன்னு கேக்கலை, எனக்கு அது பிடிச்சிருந்துதுன்னு.

பேசாம இருக்கணும்னா நம்ம வீட்டுலயே இருந்திருக்கலாம்லா? அதுக்கு எதுக்கு ஒரு சபை? இதை நான் ஒரு மணி நேரம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. பொங்கல் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு போச்சு. பிறகு நான் பேசுததை நிறுத்திட்டேன். இந்தத் தடவை பதினோரு நாள் இல்லை அக்கா, எட்டு மாசம். அவளும் வழிக்கு வரலை.

எட்டாவது மாசம் எங்க வீட்டுக்காரர்தான் வந்து சொன்னாவ, பிள்ளைக்குச் சபையிலேயே ஒரு பையனைப் பாத்திருக்காங்கன்னு. ஓபேத்துன்னு பேரு, வீடுகள்ல சோலார் மாட்டுத வேலை. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். நான் போன் போட்டேன். கல்யாணத்துக்கு வாரேன், ஆனா ஒண்ணே ஒண்ணு, காதுல ஒரு சின்னத் தோடு போட்டுக்கணும்னேன். அட்டிகை கேட்டேனா? ஒட்டியாணம் கேட்டேனா? பயறு அளவுக்கு ஒரு தோடு. அவ, காது குத்தினப்ப நீ என்னைக் கேட்டியாம்மான்னா. மூணு வயசுப் பிள்ளைகிட்ட என்னன்னு கேக்க, சொல்லுங்க. பிறகு அவளே சொன்னா, நீ வாம்மா, நீ எப்படி வேணும்னாலும் வா, உன்னை நான் எதையும் கழட்டச் சொல்லலைன்னு.

அப்படியான்னு நினைச்சேன். போனேன். எப்படிப் போனேன்னு நினைக்கிய? அரக்குக் கலர் பட்டு. அட்டிகை, ரெண்டு சங்கிலி, கைக்கு ஆறு வளையல், ஜிமிக்கி, அதுக்கு மாட்டல். நாலு முழம் பிச்சிப்பூ. எனக்கு ஆடம்பரம் பிடிக்காது அக்கா, வீட்டுல பாருங்க, ஒரு மெல்லிசுச் சங்கிலிதான். ஆனா தொறந்த விசுவாசம்னா என்னன்னு அங்க ஒருத்தராவது காட்டணும்லா? எங்க வீட்டுக்காரர் கார்ல முன்னால உக்காந்துக்கிட்டாவ. பூ வாசம் தலைவலிக்குன்னு சொன்னாவ.

உள்ள நுழைஞ்சா முந்நூறு பேர் வெள்ளையில உக்காந்திருக்காங்க. நடுவுல நான் ஒருத்திதான் தேர் மாதிரி. யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும்னு நிமிந்துதான் நடந்தேன். பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன், காருலயே யோசிச்சு வச்சது. ஒருத்தர் சொல்லணுமே. பொண்ணோட அம்மா வந்திருக்காங்கன்னு முன்வரிசையில நாற்காலி போட்டாங்க. ஒரு வயசான பொம்பளை, காது தோள் வரைக்கும் தொங்குது, ஒரு காலத்துல பாம்படம் போட்ட காது, அவ வந்து என் கையைப் பிடிச்சு, இங்க உக்காராத தாயி, புழுக்கமா இருக்கு, பூ வாடிரும்னு ஃபேனுக்குக் கீழ கொண்டு உக்கார வச்சா. அவமரியாதைக்கும் ஒரு அளவு இருக்குல்லா? எங்க காலத்துல வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க. அந்த உறுதி எல்லாம் இப்ப எங்க போச்சுன்னே தெரியலை.

பூங்கொடி ஒரு வெள்ளைச் சேலையில வந்து நின்னா. அழகாத்தான் இருந்தா. அதை நான் மறைக்க மாட்டேன்.

அப்பா கம்பை ஊனிக்கிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில உக்காந்தாவ. பக்கத்துல உக்காந்து இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். எப்பயாவது சாவு வீட்டுல பாப்போம், ஒரு தலையசைப்பு, அதோட சரி. இப்ப என்னைக் கால்லருந்து தலை வரைக்கும் பாத்தாவ. வளையலைப் பாத்தாவ, பூவைப் பாத்தாவ. சரி, ஆரம்பிக்கப் போறாவன்னு நான் நிமிந்து உக்காந்தேன். அப்பா குனிஞ்சு கேக்காவ: "ஏ தொற்கா, உனக்கும் சுகர்னு பிள்ளை சொன்னா. மாத்திரை ஒழுங்காப் போடுதியா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கலை. அப்பா வாயிலருந்து மாத்திரைங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பாக்கேன், சட்டைப் பையில ஒரு மாத்திரை அட்டை தெரியுது. வெள்ளைத் துணியில பச்சையா. என்னப்பா இதுன்னேன். பிரஷருக்கு, பிள்ளைதான் வாங்கித் தந்தா, நேரத்துக்குப் போடச் சொல்லியிருக்கான்னாவ. சபையிலன்னேன். சபையில இப்ப ஒண்ணும் சொல்லுததில்லை, பாஸ்டருக்கே நெஞ்சுல என்னமோ வச்சிருக்குன்னாவ. எப்பருந்துப்பான்னேன். அது இருக்கும் ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம்னாவ. சாதாரணமாச் சொன்னாவ அக்கா. பஸ் ரூட்டை மாத்தின மாதிரி.

எங்கம்மாவைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லலைல்லா. நான் யார்கிட்டயும் சொல்லுததில்லை. எங்கம்மாவுக்கும் இதே சுகர்தான், அப்ப எங்களுக்குத் தெரியாது. கால்ல கல்லு குத்தின ஒரு புண்ணு. ஆறலை. அப்பாவும் மூப்பர்மாரும் வந்து ஜெபம் பண்ணுவாவ. புண்ணு கறுத்துக்கிட்டே போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு நான் கேட்டதுக்கு அம்மாவும் வேண்டாம்னுதான் சொன்னா. ஆனா அப்பா வாசல் நடையில நின்னுக்கிட்டிருக்கும்போதுதான் சொன்னா. அப்பா இல்லாதப்ப நான் திரும்பக் கேக்கலை. திருநெல்வேலிக்குப் பரீட்சை எழுதப் போனப்ப ஒரு மருந்துக்கடையில புண்ணைப் பத்திச் சொல்லி மாத்திரை வாங்கி வச்சிருந்தேன். என் பெட்டிக்குள்ள இருந்துச்சு. கொடுக்கலை. எனக்கு இருபத்திரெண்டு வயசு அக்கா. சின்னப் பிள்ளை இல்லை. கொடுத்திருக்கலாம். அப்பாவுக்குத் தெரிஞ்சிருமோன்னு ஒரு நாள், அம்மாவே அப்பாகிட்ட சொல்லிருவாளோன்னு ஒரு நாள், இப்படியே நாள் போச்சு. நாப்பத்தஞ்சு வயசுல போயிட்டா.

அன்னைக்கு அந்தக் கல்யாண ஹால்ல நான் அப்பா பக்கம் திரும்பி, அப்ப அம்மாவுக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அங்க ஜனங்க பாட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா காதுல கையை வச்சு, என்னதுன்னாவ. முந்நூறு பேர் நடுவுல அதை எப்படி அக்கா சத்தம் போட்டுக் கேக்க? ஒண்ணுமில்லைன்னுட்டு எழுந்து வெளிய வந்துட்டேன். கார்ல போய் உக்காந்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் இருந்து சாப்பிட்டுட்டு வந்தாவ. பாயசம் நல்லா இருந்துச்சுன்னாவ. பாட்டையும் கூடச் சேந்து பாடினாவளாம். அதை எங்கிட்ட சொல்லணுமா?

அதுக்குப் பிறகு மூணே மாசம், அப்பா போயிட்டாவ. தூக்கத்துலயே. நான் அடக்கத்துக்குப் போனேன், பின்னால நின்னேன். கேள்வி அவிய காதுல விழுந்துச்சா, விழுந்துதான் என்னதுன்னு கேட்டாவளா, எனக்கு இன்னை வரைக்கும் தெரியாது.

பூங்கொடிகிட்ட அதுக்குப் பிறகும் பேச்சு இல்லை. அவ மாசம் ஒரு தடவை போன் பண்ணுவா. எங்க வீட்டுக்காரர் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுவாவ, நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன். பேச மாட்டேன்.

போன ஐப்பசியில எனக்கு மயக்கம் வந்துச்சு. நான் எல்லா மார்க்கத்துலயும் வருஷத்துக்கு ஒரு நாளாவது பட்டினி இருப்பேன் அக்கா, ஒருத்தரையும் விடுததில்லை. ரம்ஜான் நோன்புல ஒரு நாள், ஈஸ்டருக்கு முந்தி லெந்து காலத்துல ஒரு நாள். அன்னைக்குச் சஷ்டி விரதம். காலையில சுகர் மாத்திரையை மறக்காமப் போட்டுட்டேன், சாப்பிடலை. பதினோரு மணிக்கு அடுப்படியில விழுந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் ஆம்புலன்சுக்குப் பண்ணினாவ, அதே கையோட அவளுக்கும் பண்ணினாவ. கண்ணு முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரியில பக்கத்துல நிக்கா. வெறுங்காதோட.

பன்னிரண்டு நாள் வீட்டுல வந்து இருந்தா. விரலைக் குத்திச் சுகர் பாக்கது, ஊசி போடுதது, எல்லாம் அவதான். ஊசி போடும்போது கை நடுங்காது, எங்கம்மா கை மாதிரி குட்டைக் கை. நானும் வேற வழியில்லாம ரெண்டு ரெண்டு வார்த்தை பேசினேன். தண்ணி, போதும், இப்படி. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஹால்ல ஜன்னல் பக்கம் முழங்கால்ல இருப்பா. சத்தமே கிடையாது. நான் படுத்துக்கிட்டே பாப்பேன். பாட்டு இல்லை, கத்தல் இல்லை. எங்கப்பாகிட்ட எனக்குத் தெரிஞ்சது குச்சியும் கும்பிடுன்னு ஒரு அதட்டலும்தான். இவ அங்க என்னத்தைக் கண்டான்னு நான் யோசிச்சுப் பாத்தேன். சும்மா பொழுது போகாமத்தான்.

அவ கிளம்புததுக்கு மொத நாள் காலையில நானும் எழுந்து போய் ஹால்ல நாற்காலியில உக்காந்தேன். அவளை எப்படியாவது ஒரு தடவை மடக்கிரணும்னு மனசுல இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், அதுக்குத்தான் போனேன். அவ கண்ணைத் தொறந்து பாத்தா. என்னம்மான்னா.

"எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணுதியே, உங்க ஆச்சிக்காக ஒரு தடவை பண்ணுட்டி"ன்னேன்.

"ஆச்சி செத்து நாப்பது வருஷம் ஆச்சுல்லாம்மா"ன்னா.

"ஆமா. செத்தவங்களுக்காகப் பண்ணக் கூடாதுங்கது உங்க சபையில சட்டம். எனக்குத் தெரியும். அதான் கேக்கேன்"னேன்.

மாட்டிக்கிட்டாளா? முடியாதுன்னா, பாத்தியா இதுதான் உன் சபைன்னு சொல்லுததுக்கு எல்லாம் நாக்கு நுனியில வச்சிருந்தேன். அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. என் முகத்துல என்ன இருந்துச்சோ எனக்குத் தெரியாது. பிறகு கேட்டா, ஆச்சி எப்படிம்மா செத்தாங்க, நீ சொன்னதே இல்லையேன்னு. சொன்னேன். இப்ப உங்ககிட்ட சொன்னேன்லா, அவ்வளவும் சொன்னேன். பெட்டிக்குள்ள இருந்த மாத்திரையையும் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. அது அந்தக் கேள்விக்குள்ள வரவே வராது.

அவ ஆறுதல் கீறுதல் ஒண்ணும் சொல்லலை. ஆச்சி பேரு சாராள்தானேம்மான்னு கேட்டா. அது சபையில வச்ச பேருட்டி, அதுக்கு முந்தி செண்பகம்னேன். அம்மா பொறந்த வீட்டுல, எங்க தாத்தா வச்சது. அம்மாவைச் செண்பகம்னு யாராவது கூப்பிட்டு நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான், தாய்மாமா ஒருத்தர் வந்திருந்தப்ப. அம்மா திரும்பிப் பாத்த பார்வை இன்னும் இருக்கு.

பூங்கொடி கண்ணை மூடினா. "செண்பகம்"னா. அந்த ஒரு வார்த்தைதான் அக்கா. அதுக்குப் பிறகு ஒண்ணுமே சொல்லலை. அப்படியே இருந்தா. தெருவுல பால்காரன் வந்து மணியடிச்சுட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரர் எழுந்து வந்து எங்களைப் பாத்துட்டு, திரும்ப உள்ள போயிட்டாவ. நான் என்ன தோணுச்சுன்னு அவகிட்டக் கேக்கலை. அவளும் எங்கிட்டக் கேக்கலை. முடிச்சுட்டு ஆமென்னா. எனக்கும் வாயில வந்துச்சு. ஆனா நான் சத்தமாச் சொல்லலை.

மறுநாள் காலையில கிளம்பிப் போயிட்டா. இப்ப போன் வந்தா நானும் பேசுதேன். ஸ்பீக்கர்ல போடவிடுததில்லை.

ஒன்பதரை ஆச்சா? அந்தப் பிள்ளை என்னைத்தான் கூப்பிடுது. துர்க்கான்னுதான் எழுதியிருக்கும், இருங்க, வாரேன்மா, நான்தான்.

அக்கா, ஒரு நிமிஷம். உங்களுக்கு எந்த ஊருன்னு கேக்கவே இல்லையே. மூக்குப்பீறியா? அது நாசரேத்துக்குப் பக்கத்துலல்லா இருக்கு. அந்தச் சபை ஆளுங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அடுத்த வீட்டுக்காரங்களேவா?

நான் இப்பச் சொன்னதை அங்க சொல்லிராதிய. மத்தது என்ன வேணும்னாலும் சொல்லுங்க, நான் பட்டும் பூவுமா வந்ததைச் சொல்லுங்க, சிரிச்சுக்கிடட்டும். அந்தச் செண்பகத்தை மட்டும் சொல்லாதிய. அவங்களுக்குத் தெரிஞ்சா பூங்கொடியைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிப்பாங்க, ஒரு வேளை சேத்துக்கிடவே மாட்டாங்க. எனக்கு அந்தச் சபை இன்னைக்கும் ஆகாதுதான். ஆனா அந்த ஜன்னல் பக்கம் அவ அப்படி முழங்கால்ல இருந்தா பாருங்க, அதை என்னால அவ இழந்துட்டான்னு வரக் கூடாது. வாரேன்மா, வந்துட்டேன், எந்தக் கையை நீட்ட?